எலிக்கு வரப்பு இல்லை!

விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டம் ஒன்றில் ஓர் இளைஞர் தாம் கைபேசியில் கண்ட காட்சியைச் சொன்னார். அமெரிக்காவில் ஒரு பண்ணைக்காரர், தானியக் கொட்டகையில் ஓடும் எலியைச் சின்னத் துப்பாக்கியால் சுடுகிறார். எலி விழுகிறது, கூரைத் தகரத்தில் ஓட்டை விழவில்லை. “நமக்கும் இப்படி ஒன்று கிடைத்தால் என்ன, தோழர்?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நாம் சிரிக்கவில்லை. எலி கதிரை வெட்டினால் மிராசுதாருக்கு லாபம் குறையும். நமக்கோ அறுப்புக் கூலியே குறையும். ஆகவே பதில் சொல்வது நம் கடமை.

அந்தத் தோட்டா 0.22 அங்குலக் குழலுக்கு உரியது. அதை வெடிக்க வைக்கும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இல்லை, விளிம்பைச் சுற்றி இருக்கிறது. துப்பாக்கியின் ஊசி விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். உள்ளே ஒரே குண்டுக்குப் பதிலாகக் கடுகளவு ஈய ரவைகள், மொத்தம் சுமார் 2 கிராம் எடை இருக்கும். பத்து அடிக்குள் எலியைக் கொல்லும். அதற்கு மேல் ரவை சிதறி வலுவிழந்து போகும். ரைபிள் குழலுக்குள் மரை போன்ற வரிகள் உண்டு. அதனால் ரவை சுழன்று இன்னும் சிதறும். மூடிய கொட்டகையில், கிட்டே நின்று சுட அது உதவும். இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் நம் வயல் கொட்டகை அல்லவே! எலி இரவில் வருகிறது. பகலில் வரப்புக்குள் வளை தோண்டிக் கிடக்கிறது. கரம்பை எலி கதிரை வெட்டி வளைக்குள்ளேயே களஞ்சியம் கட்டுகிறது. ஒரு தோட்டாவுக்கு ஓர் எலி என்று கணக்குப் போட்டால், குட்டி போடும் வேகத்துக்கு எந்தத் தோட்டாவும் ஈடு கொடுக்காது. தப்பி விழுந்த ஈய ரவை சேற்றில் கிடக்கும். அறுப்புக்குப் பின் மேய வரும் வாத்து அதைப் பொறுக்கித் தின்றால் ஈயம் அதற்கு விஷம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. துப்பாக்கி யார் கைக்கு வரும்? 1878இல் வெள்ளைக்கார சர்க்கார் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியனுக்கு லைசென்ஸ், வெள்ளையனுக்கு விலக்கு! அந்த இடத்தில் வந்த 1959ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர இடம் வைத்திருக்கிறது. பயிர் யாருடையது? நிலம் உள்ளவனுடையது. நட்டவளுக்கும் அறுத்தவனுக்கும் பட்டா ஏது? 1968 டிசம்பர் 25 இரவில் கீழவெண்மணியில் துப்பாக்கி யார் கையில் இருந்தது, தீயில் கருகிய 44 பேர் யார் என்பதை நாம் மறக்கவில்லை. குடிசைக்கு ஒரு துப்பாக்கி என்பது நம் கோரிக்கை அல்ல.

இதே ரவைத் தோட்டாவை அங்கே பாம்பு சுடவும் வைத்துக்கொள்கிறார்கள். நமக்கோ பத்து அடியில் தெரியும் பாம்பினால் ஆபத்தில்லை. இருட்டில், வெறுங்காலில் மிதிபடும் பாம்புதான் கடிக்கிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்குச் சுமார் 12 லட்சம் பேர் பலியானதாக ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர்! வேண்டியது காலுக்குப் பூட்சு, கைக்கு டார்ச்சு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விஷமுறிவு மருந்து. சாரைப் பாம்பை அடித்துக் கொன்றால் எலிக்குத்தான் கொண்டாட்டம்.

அப்படியானால் விஷம் வைக்கலாமா? துத்தநாக பாஸ்பைடு வயிற்றில் போனால் நச்சு வாயுவாக மாறும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது. அதை மாவில் பிசைவது எந்தக் கை? முதலாளியின் கை அல்ல, கூலிக்காரனின் வெறுங்கை!

வழி வேறு இருக்கிறது. நிலத்துக்கு வரப்பு உண்டு; எலிக்கு வரப்பு இல்லை. ஒருவர் வயலில் மட்டும் பிடித்தால் பக்கத்து வயலிலிருந்து வந்துவிடும். நடவுக்கு முன்பே, ஊர் முழுக்க ஒரே சமயத்தில் வளை வெட்டிப் பிடிக்க வேண்டும். வரப்பைச் சிறுத்துக் கட்ட வேண்டும். தஞ்சாவூர்க் கிட்டி வைக்க வேண்டும். ஆந்தையும் கூகையும் இரவில் வந்து உட்காரக் குச்சி நட வேண்டும்.

இந்த வேலையில் தேர்ந்தவர்கள் இருளர்கள். பானையில் புகை மூட்டி, வாயால் ஊதி, அந்தப் புகையைத் தாங்களே விழுங்கி எலி பிடித்த ஜனங்கள். கையால் சுழற்றிப் புகை செலுத்தும் இரும்புக் கருவி இப்போது உண்டு. அதை வாங்கித் தர சர்க்காருக்கு என்ன தடை? 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் பாம்புத் தோல் வியாபாரம் நின்றபோது, பிழைப்பிழந்த இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைக் கொல்லாமல் விஷம் எடுத்து, உயிர் காக்கும் மருந்துக்குக் கொடுத்தார்கள். ஒற்றுமை செய்யும் வேலையை எந்தத் தோட்டா செய்யும்?

ஆலைத் தோழர்களே, இது வயற்காட்டுப் பிரச்னை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கிட்டங்கியிலும் எலி உண்டு. அதன் மூத்திரம் கலந்த நீர் காலில் உள்ள காயத்தில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் கண்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீங்கள் செய்யும் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நாம் கோருவது இதுதான்: ஊருக்கு ஓர் எலி பிடிப்புக் குழு, அதற்கு வால் கணக்கில் அல்ல, நாள் கணக்கில் கூலி, நில முதலாளியும் சர்க்காரும் சேர்ந்து கொடுக்க வேண்டும். பூட்சும் டார்ச்சும் கருவியும் வேலைக்கு முன்பே கைக்கு வர வேண்டும். அடுத்த நடவுக்கு முன் ஒவ்வொரு கிளையும் இதைத் தீர்மானமாக நிறைவேற்றட்டும்.

கேள்வி கேட்ட அந்த இளம் தோழருக்கு நம் பதில்: துப்பாக்கி வேண்டாம், தம்பி, சங்கத்தில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு வா!