சக்கரவர்த்தியின் அங்கி

முகலாய தர்பாரில் பிரவேசிக்கும் பிரபு, பட்டுக்குட்டை விரித்த கைகளில் பொன் மொகராக்களை ஏந்தித் தலைவணங்கிச் சமர்ப்பிப்பது நஜர் எனப்படும். அதற்குப் பிரதியாகச் சக்கரவர்த்தி அளிக்கும் சரிகை அங்கி கில்லத்து. அரசன் மேனியைத் தீண்டிய ஆடை என்ற பாவனையில் அது வழங்கப்பட்டமையால், உடுத்தவன் அரசனுக்கே அங்கமாகிவிடுகிறான் என்று கருதினார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையை ஷா ஆலம் சக்கரவர்த்தியிடமிருந்தே பெற்றவர்கள். ஆதலால், டில்லியில் அவர்களுடைய ரெசிடெண்டு நஜர் வைத்துவந்தது வெறும் உபசாரமன்று, எவருடைய பெயரால் வரி தண்டினார்களோ அவருக்குச் செலுத்திய அங்கீகாரம். ஆனால் உத்தியோகஸ்தர்கள் பெற்ற அங்கிகளின் கதி வேறு. பரிசில் எதையும் தமக்கென வைத்துக்கொள்ளலாகாது என்ற விதிப்படி, அவை தோஷாகானா என்னும் பண்டகசாலைக்குப் போய், விலை மதிக்கப்பட்டு, கணக்கில் ஏறி, பின்னொரு நாள் வேறொரு சிற்றரசருக்குக் கம்பெனியின் வெகுமதியாகப் புறப்படும். லஞ்சத்தைத் தடுக்க அவ்விதி அவசியமே. எனினும், ஓர் அரசர் தம்மையே பகிர்ந்தளிப்பதாக எண்ணிக் கொடுத்த வஸ்திரம் சரக்காக அடுக்கப்பட்டதை நினைக்கையில் என் மனம் ஒப்பவில்லை.

1816-இல் பிரிட்டிஷ் தூதராகப் பீக்கிங் சென்ற ஆம்ஹர்ஸ்ட் பிரபு, மும்முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி நிலத்தில் பட வணங்க மறுத்து, சீனச் சக்கரவர்த்தியைக் காணாமலே திரும்பினார். அதே பிரபு கவர்னர் ஜெனரலாகி, 1827-இல் டில்லியில் இரண்டாம் அக்பர் ஷாவைச் சந்தித்தபோது, நஜர் வைக்காமல் சமமாக ஆசனத்தில் அமர்ந்தார். பீக்கிங்கில் அவர் அந்நியத் தேசத்து விருந்தாளி. அங்கே பணிய மறுத்தது தம் மன்னரின் கௌரவத்தைக் காப்பதாகும். டில்லியிலோ, எந்தச் சிம்மாசனத்தின் சாசனத்தைக் கொண்டு கம்பெனி வங்காளத்தை ஆண்டதோ, அதன் முன்னிலையில் சமத்துவம் கொண்டாடியது நன்றி மறந்த செய்கை என்றே சொல்வேன். இச்சந்திப்புக்கு இணங்கினால் தம் உபகாரச் சம்பளம் உயரும் என்று எதிர்பார்த்திருந்த முதிய அரசர் ஏமாந்தார்.

அதனால்தான் 1830-இல் அவர் இங்கிலாந்து மன்னரிடம் முறையிடத் தம் தூதர் ஒருவரை அனுப்பினார். படையும் நாடும் பொக்கிஷமும் கைவிட்டுப்போன நிலையில், அத்தூதருக்கு அவரால் அளிக்க முடிந்த சன்மானம் ஒரு பட்டம். அதைக் கம்பெனியார் அங்கீகரிக்கவில்லை. நாமோ அந்தத் தூதரை இன்றளவும் ராஜா ராம்மோகன் ராய் என்றே அழைத்துவருகிறோம்.