தாழ்ப்பாள் யார் கையில்?

கம்மாபுரத்தில் எங்கள் வீட்டு முன்வாசல் கேட் இரும்பாலானது. தரையில் பதித்த கம்பியின்மேல் சக்கரம் உருண்டு பக்கவாட்டில் ஓடும். கார் உள்ளே வரவேண்டுமானால் பன்னிரண்டு அடியையும் தள்ளியாக வேண்டும். சக்கரம் துருவேறிய பிறகு எனக்கே மூச்சு வாங்குகிறது. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நான் கல்லூரிக்குப் போய்விட்ட நேரத்தில் எரிவாயு உருளை கொண்டுவருபவர் வாசலில் நின்று குரல் கொடுப்பதும், அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து கேட்டோடு மல்லுக்கட்டுவதும் அன்றாடக் காட்சி.

சென்ற முறை ஊருக்கு வந்திருந்த என் தம்பி இதைப் பார்த்துவிட்டு, "ஒரு ஸ்மார்ட் ஓப்பனர் போட்டுடலாம் அண்ணா. நியூஜெர்சியில என் கராஜுக்கு இருக்கு. அம்மா எழுந்திருக்கவே வேணாம், அங்கேருந்தே நான் திறந்துவிடுவேன்" என்றான். அன்பில் சொன்னதுதான். ஆனால் அந்தக் கடைசிச் சொற்றொடர் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. கம்மாபுரத்து வாசல் திறப்பதற்கு ஏன் ஒரு கட்டளை நியூஜெர்சியிலிருந்து வரவேண்டும்?

இதை நண்பர்களிடம் சொன்னபோது, தமிழாசிரியனின் பழமைப் பற்று என்று சிரித்தார்கள். அந்தக் குற்றச்சாட்டை முதலில் தீர்த்துவிடுகிறேன். எனக்கு இயந்திரத்தின்மீது பகையில்லை. அம்மிக்கல்லைப் பற்றி ஏங்கிக் கவிதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதில் அரைத்தவர்கள் அல்லர். கிரைண்டர் வந்தபோது என் அம்மா அடைந்த ஆசுவாசத்தை நான் நேரில் கண்டவன். கேட்டைத் தள்ள ஒரு மோட்டார் வேண்டும் என்றால் வேண்டும்தான். என் வழக்கு மோட்டாரோடு அல்ல, அதன்மேல் ஒட்டிக்கொண்டு வரும் ‘ஸ்மார்ட்’ என்ற அடைமொழியோடு.

தம்பியின் ஊரில் கராஜ் என்பது வீட்டோடு ஒட்டிய அறை. இரண்டு கார் அகலத்துக்கு மேலே சுருளும் கதவு. அதன் எடையைத் தாங்கும் வில்கம்பிகள். இழுக்க ஒரு மோட்டார். பனியில் காரைவிட்டு இறங்காமல் திறப்பதற்கு ரேடியோ ரிமோட். இதுவரை எல்லாம் நியாயம். கதவு கீழிறங்கும்போது குழந்தைகள் நசுங்கி இறந்த துயரங்களுக்குப் பிறகு, 1993 முதல் அங்கே தயாராகும் ஓப்பனர்களில், தடை இருந்தால் கதவைத் திருப்பும் ஒளிக்கண் போன்றதொரு கூடுதல் பாதுகாப்பு சட்டப்படிக் கட்டாயம். நம் ஊரில் மோட்டார் விற்கிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் இதுதான். விருத்தாசலத்தில் நான் விசாரித்த கடைக்காரர் ஒளிக்கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கைபேசிச் செயலியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது? நான் கேட்டுக்குப் பத்தடி தள்ளி நின்று கைபேசியைத் தொடுகிறேன். கட்டளை நேராகக் கேட்டுக்குப் போவதில்லை. இணையம் வழியாக எங்கோ இருக்கும் நிறுவனத்தின் வழங்கிக்குப் போகிறது. அந்த வழங்கி என்னை அடையாளம் கண்டு, அனுமதித்து, ஆணையை என் வீட்டு வைஃபைக்குத் திருப்பி அனுப்புகிறது. பிறகுதான் கேட் அசையும். எல்லாச் சாதனங்களும் இப்படியில்லை, வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்பவையும் உண்டு. ஆனால் பரவலாக விற்பவை இவ்வகை. ஆக, வாசலுக்கு ஒரு வாயிற்காவலன் நியமிக்கப்பட்டிருக்கிறான். சம்பளம் கொடுப்பவன் நான்; அவன் கீழ்ப்படிவது வேறொருவருக்கு.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ணுவோர் நடந்தவற்றைப் பார்க்கட்டும். 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் காராட்ஜெட் என்ற கராஜ் சாதனத்தை வாங்கிய ஒருவர், அது சரியாக இயங்கவில்லை என்று கோபமாக விமர்சனம் எழுதினார். தயாரிப்பாளர் செய்தது என்ன? அந்த வாடிக்கையாளரின் சாதனம் வழங்கியோடு பேசமுடியாதபடி துண்டித்துவிட்டார். ஒரு வசவுக்கு ஒரு கதவு. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் வழங்கிகள் முன்னறிவிப்பின்றி அணைந்தன; வீடு முழுவதும் அதன் சாதனங்களைப் பொருத்தியவர்கள் செயலியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் நெக்ஸ் நிறுவனத்தின் கராஜ் கருவிகளில், எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒரே கடவுச்சொல் இருந்தது அம்பலமானது. ஊர் முழுவதற்கும் ஒரே சாவி! அதே ஆண்டின் இறுதியில் சேம்பர்லைன் நிறுவனம் தன் மை-கியூ சேவையில் பிறர் எழுதிய மென்பொருள்கள் நுழைவதைத் தடுத்தது. தன் கதவை தன் விருப்பப்படி இயக்கி வந்தவர்கள் நிறுவனத்தின் செயலி வழியாகவோ, அது அங்கீகரித்த கூட்டாளிகள் வழியாகவோதான் வரவேண்டும் என்றானது. பயனர்களில் 0.2 விழுக்காட்டினரே வழங்கியின் பாதிக்கும் மேற்பட்ட போக்குவரத்தை உண்டாக்கினார்கள் என்பது நிறுவனத்தின் விளக்கம். இருக்கலாம். என் வீட்டுக் கதவைத் திறப்பது ‘போக்குவரத்து’ ஆகிவிட்ட இடத்திலேயே ஏதோ தவறிவிட்டது.

இந்நேரங்களிலும் சுவரிலுள்ள பொத்தானும் பழைய ரிமோட்டும் வேலை செய்யும் என்று தம்பி வாதிட்டான். உண்மைதான். கூடுதல் பணம் கொடுத்து வாங்கிய பகுதி மட்டும் செத்துப்போகும்.

பாட்டால் திறந்த கதவு நமக்குப் புதிதன்று. திருமறைக்காட்டில் வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் பதிகம் பாடித் திறந்ததையும், சம்பந்தர் முதற்பாட்டிலேயே அடைத்ததையும் சேக்கிழார் சொல்கிறார். அப்பருக்குத் தாமதமாயிற்று, பதிகம் முடியும்வரை கதவு அசையவில்லை. அந்தத் தாமதத்துக்காக அவர் மனம் நொந்தார். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் அற்புதத்தில் நின்றுவிடுவார்கள். நான் சுட்டுவது வேறொன்று. கதவு அடைபட்டிருந்த நெடுங்காலமும் ஊரார் வேறொரு வாயில் வைத்து உள்ளே சென்று வழிபட்டு வந்தார்கள். இறைவனே உள்ளிருந்தும், மாற்று வழியொன்றை மக்கள் வைத்துக்கொண்டார்கள். பெரிய கதவுக்குள் சிறு கதவு வைத்து அதற்குத் திட்டிவாசல் என்று பெயரிட்ட தச்சர்களுக்கும் இந்த அறிவு இருந்தது. கடவுச்சொல்லை மட்டுமே நம்பிய கதையும் நாம் கேட்டதுதான்: அலிபாபாவின் அண்ணன் காசிம் குகைக்குள் போகும்போது நினைவிருந்த சொல், திரும்பும்போது வரவில்லை.

எங்கள் பகுதிக்கு வருகிறேன். பக்கத்தில் நெய்வேலி, நிலக்கரி எடுத்து மின்சாரம் செய்யும் ஊர். அந்த வெளிச்சத்தின் நிழலில் இருந்துகொண்டே 2012ஆம் ஆண்டின் மின்வெட்டில் வியர்த்தவர்கள் நாங்கள். அதற்குச் சற்று முன், 2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூர் மாவட்டத்தின்மேல் ஏறியது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன, மின்கம்பங்கள் வரிசையாகப் படுத்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரமில்லை. அத்தகைய காலையில் மின்சாரமும் இணையமும் கைபேசிக் கோபுரமும் ஒருசேரப் போய்விடும். அப்போதுதான் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். இது என் அச்சத்தின் கற்பனையன்று. 2017இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது, மின்சாரம் போய் கராஜ் கதவைத் திறக்கமுடியாமல் மக்கள் சிக்கிக்கொண்டார்கள். 2019 ஜூலை முதல் அங்கே விற்கும் ஓப்பனர்களில் மின்கலம் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வளவு வசதியுள்ள நாடு பட்ட பிறகு கற்றது அது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கொலுப் பொம்மைகளோடு, ஃபியூஸ் கட்டைகளும் அங்கே சுட்டு எடுக்கப்பட்டவை. கம்பி உருகிப்போனால் மெயினை அணைத்துவிட்டு, கட்டையைப் பிடுங்கி, புதிதாக ஓர் இழை சுற்றி மாட்டுவோம். அப்பா எனக்குப் பத்து வயதில் கற்றுக்கொடுத்தார். பாதுகாப்பில் இன்றைய எம்.சி.பி.யே மேல் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பழுதானபோது என்ன செய்யவேண்டும் என்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்மார்ட் கேட் பழுதானால் அம்மா என்ன செய்வார்? தம்பிக்குப் போன் செய்வார். அங்கே நள்ளிரவாக இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. முதியவர் இருக்கும் வீட்டுக்கு, கனமான கேட்டுக்கு, மோட்டார் வாங்கத்தக்கதே. அதில் ஒளிக்கண் இருக்கவேண்டும். இன்வெர்ட்டரோ மின்கலமோ இருக்கவேண்டும். சாவி போட்டு மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளும் வசதி இருக்கவேண்டும், அந்தச் சாவி உள்ளிருப்பவர் கைக்கு எட்டவேண்டும். ரிமோட்டின் குறியீடு ஒவ்வொரு முறையும் மாறுவதாக இருக்கவேண்டும். மாறாத குறியீட்டில் இயங்கும் கராஜ் கதவுகளைச் சில நொடிகளில் திறந்துவிடலாம் என்பதை, பழைய பொம்மைக் கருவியொன்றை மாற்றியமைத்து சாமி காம்கர் என்ற ஆய்வாளர் 2015இல் செய்துகாட்டினார். வழங்கியைக் கேட்டுத் திறக்கும் ஸ்மார்ட் பெட்டி மட்டும் வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும்.

கடைக்காரர் சொன்ன மொத்த விலைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம். அதை வாங்குமுன் தெருக்கோடி வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சக்கரத்துல பேரிங் போயிருக்கு சார், இதுக்கு எதுக்கு மோட்டாரு?" என்றார். இரண்டு சக்கரங்களை மாற்றினார், கம்பியை நிமிர்த்தினார். கேட்டின் இடது ஓரத்தில் ஆள் நுழையுமளவு வெட்டியெடுத்து, கீல் வைத்து ஒரு சிறு கதவும் செய்து கொடுத்தார். அம்மாவின் இடுப்பு உயரத்தில் தாழ்ப்பாள். தம்பியிடம் வீடியோவில் காட்டினேன். "மோட்டார் வேணாமா அப்ப?" என்று சற்று ஏமாற்றத்தோடு கேட்டான். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.