காசிப் படித்துறையில்

காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. 80-க்கு மேற்பட்ட படித்துறைகள் மேற்குக் கரையில் கிழக்கு முகமாக அமைந்திருப்பதால், உதய சூரியனின் ஒளி ஸ்நானம் செய்வோர் முகத்தில் நேரே விழும். படம் பிடிப்போருக்கு வேறென்ன வேண்டும்? நாமும் ஓடத்தில் அமர்ந்து ஆசை தீர எடுத்தோம்: கண்மூடி ஜபிக்கும் கிழவர், குடையின்கீழ்ச் சங்கற்பம் செய்து வைக்கும் பண்டா, துணி துவைப்போர், சுகமாய் நீரில் கிடக்கும் எருமை.

மணிகர்ணிகையை அணுகியதும் ஓடக்காரர், "இங்கே வேண்டாம், பாபுஜி" என்றார். பக்கத்து ஓடத்துக் கனவான் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரத்தை மழித்து வெள்ளை உடுத்த ஒரு பையன் சிதையை வலம் வந்துகொண்டிருந்தான். கருவியின் மின்னொளி பட்டுத் திரும்பிப் பார்த்தான்.

நாம் நம் கருவியை உறையிலிட்டோம். ஆயினும், ஜபித்திருந்த கிழவரை மட்டும் கேட்டுக்கொண்டா எடுத்தோம்?