வகுப்பை மூடாமல் கூரையை மாற்றலாம்

பாடசாலைக்குப் புதுக் கட்டடம் என்றால் எமது தனவந்தர்களின் கை தாராளமாக நீள்கிறது. கல் நாட்ட ஒரு கூட்டம், திறந்து வைக்க ஒரு கூட்டம், சுவரில் ஒரு பெயர்ப்பலகை. இருக்கிற கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது, வயர் பழுதாகிவிட்டது, மலசலகூடக் குழாய் அடைத்துக் கிடக்கிறது என்று அதிபர் வந்து நின்றால், "அதை அரசாங்கம் செய்யட்டும்" என்று விடுகிறோம்.

இன்னொரு சாட்டும் உண்டு. பிள்ளைகள் படிக்கிற இடத்தில் எப்படி வேலை செய்வது, மூடினால்தானே முடியும் என்பார்கள். இதை வியாபாரிகளே சொல்வதுதான் எனக்கு வியப்பு. கடையைத் திருத்துவதற்காக எம்மில் யார் ஆறு மாதம் பூட்டி வைத்தோம்? பாதியைத் தகரத்தால் மறைத்து வேலை நடக்கும், மறுபாதியில் யாவாரம் நடக்கும்.

1960களிலும் 70களிலும் எழுந்த கொங்கிரீட் கட்டடங்கள் பல இன்று ஒரே நோயில் கிடக்கின்றன. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றுப் பட்டு உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துருவேறிய கம்பி பருத்து, கொங்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளுகிறது. அதன்மேல் சீமெந்தைப் பூசிப் பெயின்ட் அடித்தால் ஒரு வருடம் அழகாக இருக்கும், உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். உக்கியதை உடைத்தெடுத்து, கம்பியைப் பளபளக்கத் தேய்த்து, துருத் தடுப்புப் பூசிய பிறகே சாந்து வைக்க வேண்டும். தூசும் சத்தமும் உள்ள வேலை. அதற்குக் கீழே வகுப்பு நடத்த முடியாது.

ஆகவே முதலில் தேவை இரண்டு தற்காலிகக் கொட்டில்கள். இதை வீண்செலவு என்று சங்கங்கள் வெட்டிவிடுகின்றன. அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. இரண்டு வகுப்புகளைக் கொட்டிலுக்கு மாற்றி, அந்த அறைகளை முடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த இரண்டை எடுக்கலாம். பலகையும் தகரமும் எங்கும் போய்விடப் போவதில்லை.

அஸ்பெஸ்டஸ் கூரை மட்டும் வேறு கதை. நானும் அந்தச் சீட் விற்பவன்தான். இந்நாட்டில் 2018 முதல் அதைக் கட்டுப்படுத்த முடிவெடுத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு கண்டதாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்த, அஸ்பெஸ்டஸ் முடிவும் பின்போடப்பட்டது. வியாபாரம் அப்படி. ஆனால் சீட் உடையும்போது பறக்கும் நார்த்தூசு சுவாசப்பைக்குக் கேடு என்பதில் பேரம் இல்லை. தண்ணீர் தெளித்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீட்டாக இறக்க வேண்டும். கிரைண்டர் வைத்து வெட்டவே கூடாது. இதைப் பாடசாலை நாளில் செய்ய இடமில்லை.

எமது பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை என்று ஒரு மாதம் கிடைக்கிறதே. நோன்பாளி பாஸ்மார் பகல் வெயிலில் கூரையில் நிற்பது கஷ்டம்தான். சுபஹுக்குப் பிறகு ஆரம்பித்து லுஹருக்கு முன் நிறுத்தினால் நடக்கும்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 1950களிலிருந்து 90கள் வரை பாவித்த இலகுவான நுரைக் கொங்கிரீட் கூரைகள் பலமிழந்து வருவது அங்கே தெரிந்த விடயம். 2018இல் கென்ட்டில் ஒரு ஆரம்பப் பாடசாலையின் கூரை வார இறுதியில் விழுந்ததால் பிள்ளைகள் தப்பினார்கள். அப்படியிருந்தும் 2023 ஆகஸ்ட் 31இல்தான், தவணை தொடங்கும் தறுவாயில், 100க்கு மேற்பட்ட பாடசாலைகளுக்குக் கட்டடங்களை மூடும்படி அறிவித்தார்கள். 2024 பெப்ரவரியில் எண்ணிக்கை 234 ஆனது. பணக்கார நாடு, அவசரமாகக் கொட்டில் தேடியது.

கொந்தராத்து எழுதும்போது மூன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள்: வேலையாட்களுக்குத் தனி வாசல், பிற்பகல் 1.30க்குப் பாடசாலை விட்ட பிறகே லொறி, ஒரு மாரி மழை முடியும்வரை கொந்தராத்துக்காரரின் பணத்தில் ஒரு பங்கு நிறுத்திவைப்பு. பொருள் தருகிற நாமும் வேலை முடியும்வரை விலையை ஏற்றாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிக் கூரை கழற்றிய நிலையில் சீமெந்து விலை கூடிவிட்டது என்று போய் நின்றால், நனைவது யாருடைய கொப்பி?