ஒரு பழுதுக்கு ஒரு தடவைதான் காசு

 

பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் வீட்டில் ஃப்ரிட்ஜ், வொஷிங் மெஷின், ரைஸ் குக்கர் என்று ஏதாவது ஒன்று இருக்கிற எல்லாருக்கும் தேவையான விஷயம். பொறுமையாக வாசியுங்கள்.

நேராகவே சொல்கிறேன். ஒரே பழுதுக்கு "வந்து பார்த்த காசு" என்று இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் வாங்குவது அநியாயம். துண்டில் "பழுது இல்லை" என்று எழுதிவிட்டு அதற்கும் காசு வாங்குவது அதைவிட அநியாயம். நாம் வாயை மூடிக்கொண்டு கட்டுகிறோம். அதனால்தான் இது இன்னும் நடக்கிறது.

முழுசாக நின்றுபோன சாமானில் பிரச்சினை இல்லை. யார் வந்து பார்த்தாலும் தெரியும். விட்டு விட்டு வருகிற பழுதில்தான் நம்மை ஏமாளியாக்குகிறார்கள். விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிற பிள்ளையை டொக்டரிடம் கொண்டுபோகிறோம். அந்த நேரம் உடம்பு சுடாவிட்டால், "பிள்ளைக்கு ஒன்றுமில்லை, காசை வையுங்கள்" என்றா சொல்கிறார்? எப்போது வருகிறது, இரவிலா பகலிலா, எத்தனை நாளாக என்று கேட்கிறார். மெஷின் பார்க்க வருகிறவர் இந்த மூன்று கேள்வியைக் கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நமது மலையில் பழுது வந்து வந்து போவதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு.

ஒன்று, குளிர். ஃப்ரிட்ஜின் உட்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் விபரத் தாளில் க்ளைமேட் கிளாஸ் என்று ஒன்று இருக்கும். எஸ்என், என், எஸ்டி, டி என்று நான்கு வகை. எஸ்என் என்றால் சுற்றியுள்ள வெப்பம் 10 பாகை வரை இறங்கினாலும் வேலை செய்யும். மற்ற மூன்றுக்கும் கீழ் எல்லை 16 பாகை. நுவரெலியாவின் வருடச் சராசரியே ஏறத்தாழ 16 பாகைதான். டிசம்பர், ஜனவரி இரவுகளில் தகரக் கூரை போட்ட குசினி எப்படிக் குளிரும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே தெர்மோஸ்டட் உள்ள சாதாரண ஃப்ரிட்ஜில் அது கீழ்த்தட்டில் இருக்கிறது. வெளிக்குளிரால் கீழ்த்தட்டு தானாகவே குளிர்ந்து கிடக்கும். கொம்ப்ரசர் ஓடத் தேவையில்லை என்று அது நினைக்கும். மேலே ஃப்ரீசரில் இருக்கிற இறைச்சி உருகிவிடும். காலையில் வெயில் ஏறி வீடு சூடானதும் எல்லாம் ஒழுங்காகிவிடும்.

இரண்டு, கரண்ட். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசியில் இருக்கிற லயங்களில் மாலை ஆறரைக்குப் பிறகு பல்ப் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் சோறு வேகிறது. அந்த நேரத்தில் கொம்ப்ரசர் எழும்பப் பார்க்கும், முடியாது. "டிக்" என்று சத்தம் கேட்கும், நின்றுவிடும். சில நிமிடத்தில் மறுபடியும் அதே கதை. பகல் பத்து மணிக்கு வந்து பார்த்தால் குழந்தை மாதிரி ஓடும்.

மூன்று, ஈரப்பதம். மாதக்கணக்கில் மூடுபனி. கனெக்ஷன்களில் பச்சை பூக்கிறது, ஈயம் வைத்த இடம் விரிசல் விடுகிறது. தட்டினால் வேலை செய்யும், தட்டாவிட்டால் இல்லை.

பழுது வருகிற நேரம் வேறு, அவர்கள் வருகிற நேரம் வேறு. இதற்கு நாம் ஏன் காசு கட்ட வேண்டும்?

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். சேர்விஸ் சென்டரின் பெயர் வேண்டாம், ஒரு பெயரோடு முடிகிற பிரச்சினை இல்லை இது. இரவில் ஃப்ரீசர் உருகுகிறது என்று அறிவித்தோம். நல்ல வெயில் நேரத்தில் வந்தார்கள், "ஒன்றுமில்லை" என்றார்கள், 3,500 ரூபா. இரண்டு கிழமையில் மறுபடியும் உருகியது. மறுபடியும் வந்தார்கள், மறுபடியும் 3,500. இந்த முறை தெர்மோஸ்டட்டை மாற்றச் சொன்னார்கள். மாற்றாமல் டவுனில் வேலை செய்கிற ஒரு பாஸைக் கூப்பிட்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி, "இரவிலா சேர், பகலிலா?" ஃப்ரிட்ஜை அடுப்படிச் சுவர்ப் பக்கம் நகர்த்தி வைத்தார். 1,000 ரூபா வாங்கினார். இன்றுவரை பிரச்சினை இல்லை.

எனக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, தாங்கிக்கொள்ளலாம். தோட்டத்தில் 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 3,500 ரூபா, ஒரு அக்கா மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று இரண்டரை நாளுக்கு மேல் கொழுந்து பறித்த காசு. அதற்கு அவருக்குக் கிடைத்தது "பழுது இல்லை" என்ற துண்டு.

"பெற்றோல் விலை தெரியுமா? கண்டியிலிருந்து ஆள் வர வேண்டாமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டிய பிறகு ஸ்பெயார் பார்ட்ஸ் விலையும் எங்கோ போய்விட்டது. வருகிற தம்பிமாரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள்தான், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் தடவை வந்த காசைக் கட்டுவோம். ஆனால் அதே பழுதுக்கு இரண்டாவது தடவை வருவது முதல் வேலை முடியாததால் வருவது. முடிக்காத வேலைக்கு இரண்டு கூலி எந்தத் தொழிலில் இருக்கிறது?

இன்னொரு விஷயம். போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ "வேலை திருப்தியாக முடிந்தது" என்று இருக்கும். வாசிக்கத் தெரியாமல் நம் ஆட்கள் ஒப்பம் வைக்கிறார்கள். பிறகு முறையிடப் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் காட்டுவார்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் (நியூஸில் நுகர்வோர் அதிகார சபை என்பார்களே, அதுதான்), சேவை செய்கிறவர் உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் என்கிறது. பொருள் விற்றவர், நாம் கேட்டால் ரசீது தந்தாக வேண்டும். ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விட்டு விட்டு வருகிற பழுதில் இதுதான் பொறி. "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று நாலு தடவை சொன்னாலே காலம் முடிந்துவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில், வாங்கி ஒரு வருடத்துக்குள் குறை தெரிந்தால் அது விற்கும்போதே இருந்தது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். இல்லை என்று நிரூபிப்பது விற்றவரின் வேலை. இங்கே நிரூபிக்கிற வேலை கொழுந்து பறிக்கிற அக்காவின் தலையில்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது:

1. ஒரு பழுதுக்கு ஒரு தடவைதான் வந்து பார்த்த காசு. மூன்று மாதத்துக்குள் அதே பழுது வந்தால் இலவசமாக வர வேண்டும்.
2. "பழுது இல்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை மணிக்கு, எத்தனை வோல்ட், உள்ளே எத்தனை பாகை என்று எழுத வேண்டும்.
3. மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் தர வேண்டும்.
4. கையெழுத்து வாங்கும் தாள் தமிழிலும் இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது:

1. பழுது வருகிற திகதி, நேரத்தைக் கொப்பியில் எழுதுங்கள். ஃபோனில் வீடியோ எடுங்கள், சத்தமும் கேட்கட்டும்.
2. ஆளைக் கூப்பிடுமுன் எவ்வளவு காசு என்று கேளுங்கள். பழுது பிடிபடாவிட்டால் என்ன என்றும் கேளுங்கள்.
3. வாசிக்காமல் ஒப்பம் வைக்காதீர்கள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எனக்கு ஃபோட்டோ அனுப்புங்கள்.
4. இழுத்தடித்தால் 1977க்கு அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். கடிதம் எழுதத் தெரியாது என்று யாரும் விட்டுவிட வேண்டாம். ஸ்கூல் விட்ட பிறகு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.
5. பள்ளிவாசல், கோயில், தோட்டச் சங்கம் எதுவானாலும் சரி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு வோல்ட் மீட்டரும் ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிற ஒரு தெர்மோமீட்டரும் வாங்கி வையுங்கள். தேவையான வீடு ஒரு இரவு வைத்துப் பார்க்கட்டும். கரண்ட்தான் காரணம் என்றால் எல்லாரும் சேர்ந்து மின்சாரம் தருகிற நிறுவனத்துக்கு எழுதலாம். ஒரு வீட்டுக்காரர் சொன்னால் ஒதுக்கிவிடுவார்கள், ஒரு லயமே கணக்கோடு எழுதினால் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஒரே பழுதுக்கு நீங்கள் எத்தனை தடவை, எவ்வளவு கட்டினீர்கள் என்று கீழே போடுங்கள். கடைப் பெயர் வேண்டாம், தொகையும் ஊரும் போதும். கணக்கைச் சேர்த்துக் கடிதத்தோடு இணைக்கிறேன். ஃபேஸ்புக் இல்லாத அம்மாமாருக்கும் உம்மாமாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.