செல்போன் காட்டும் நூறு, எந்த நூறு?

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

"சார், போன் நூறு ஏறுது, மத்தியானத்துக்குள்ள காலியாயிடுது. போன் போயிடுச்சா?" இப்போது என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். டவுனில் ஒரு கடையில் என் அக்காவிடம், "இதோட ஆயுசு அவ்வளவுதாம்மா, புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லி, தவணைக்கு ஆதார் நகலும் கேட்டிருக்கிறார்கள். புதுப் போன் 16,000 ரூபாய். கடைசியில் வேறோர் இடத்தில் 1,300 ரூபாய்க்குப் பேட்டரி மாற்றினோம். அதே போன் இன்றும் ஓடுகிறது. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் சின்னத் தொகை இல்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் போதும். ஏரி கோடி போனால் நிரம்பிவிட்டது என்கிறோம். தூர் வாராத ஏரியும்தான் கோடி போகும். அடியில் வண்டல் ஏறிக் கிடப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீர் குறைவு. திரையில் காட்டும் நூறு என்பது கலங்கல் மட்டம், கொள்ளளவு அல்ல. இன்றைக்கு எவ்வளவு கொள்ளுமோ அதில் நூறு, அவ்வளவுதான்.

வண்டல் என்று சொன்னது வெறும் உவமை இல்லை. லித்தியம் அயனி பேட்டரியில் சார்ஜ் ஏறி இறங்கும்போது லித்தியம் அயனிகள் இரண்டு மின்முனைகளுக்கு நடுவே போய் வருகின்றன. கிராஃபைட் முனையின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்து, மெல்ல மெல்ல வளர்கிறது. அதில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. ஏரியைத் தூர் வாரலாம். இதை வார முடியாது. "பேட்டரியைப் புதுசாக்கும் ஆப்" என்று வருவதையெல்லாம் அழித்துவிடுங்கள்.

சரி, கொள்ளளவை எப்படித் தெரிந்துகொள்வது? பெட்டியில் 5000 மில்லி ஆம்பியர் அவர் என்று போட்டிருக்கும். உள்ளே போகும் மின்சாரத்தைக் கணக்கிடும் இலவச ஆப்கள் உண்டு. 20 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 2400 போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 சதவீதத்துக்கு 2400 என்றால் நூறுக்கு 4000. ஐயாயிரத்தில் நாலாயிரம், அதாவது 80 சதவீதம் மிச்சம். ஏழாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் அந்த 20, 80 என்பவையே போன் மதிப்பிட்டுச் சொல்பவை. 20லிருந்து 30 வரை மட்டும் ஏற்றிக் கணக்குப் போட்டால், ஒரு சதவீதப் பிழைகூட விடையில் பத்து சதவீதமாகிவிடும். அதனால் ஒரு நாள் 4200, மறுநாள் 3900 என்று காட்டினால் பதறாதீர்கள். நீளமாக ஏற்றி, ஐந்தாறு முறை பார்த்து, சராசரி எடுங்கள். பெட்டியில் உள்ள எண்ணும் கறார் இல்லை. பல பெட்டிகளில் பொடி எழுத்தில் இன்னொரு சிறிய எண், குறைந்தபட்சக் கொள்ளளவு, இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

இன்னொரு குழப்பம், 20 சதவீதம் இருக்கும்போதே போன் பட்டென்று அணைவது. தேய்ந்த பேட்டரியில் உள்தடை கூடிவிடும். கேமராவைத் திறந்ததும் போன் நிறைய மின்சாரம் இழுக்கும்; மின்னழுத்தம் சரியும்; போன் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இப்படி அணையாமலிருக்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமலே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்கச் சண்டை. இந்தியாவில் பேட்டரி மாற்றும் கட்டணம் 6,500 ரூபாயிலிருந்து 2,000க்கு இறங்கியது. 2018 மார்ச்சில்தான் ஐபோன் அமைப்புகளில் பேட்டரியின் மிச்சக் கொள்ளளவு தெரிய ஆரம்பித்தது. கேட்டதால் கிடைத்தது.

ஆண்ட்ராய்டில் சில கம்பெனிகள் காட்டுகின்றன, பல காட்டுவதில்லை. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பதோ விலை குறைந்த ஆண்ட்ராய்டுதான். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்று விதி. (ஒரு சுற்று என்பது மொத்தமாக நூறு சதவீதம் செலவாவது, இரண்டு நாள் ஐம்பது ஐம்பதாகச் செலவானாலும் ஒரு சுற்றுதான். எத்தனை முறை ஒயரைச் சொருகினோம் என்பது கணக்கில்லை.) இங்கும் பெட்டியில் சுற்று எண்ணிக்கையும், போனுக்குள் மிச்சக் கொள்ளளவும் கட்டாயமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சோதிக்க இடமில்லை என்று சொல்ல முடியாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. புதுப் போன் 12 ஆயிரமா 13 ஆயிரமா என்று பேரம் பேசுகிறோம். எத்தனை வருடம் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை.

எண்பதுக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும் என்றும் அர்த்தமில்லை. சாயங்காலம் வரை தாங்கினால் ஓட்டுங்கள். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடந்தாலோ, திடீரென அணைந்தாலோ பேட்டரியை மட்டும் மாற்றுங்கள்.

தேய்மானத்தை வேகப்படுத்துவது சூடுதான். கத்திரி வெயிலில் வண்டியின் டேங்க் கவரில் வைப்பது, தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவது இரண்டையும் நிறுத்துங்கள். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி உங்கள் போனில் இருந்தால் போட்டுவிடுங்கள். இரவெல்லாம் நூறிலேயே நிற்பதும் பேட்டரிக்கு நல்லதல்ல.

பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். கழற்றிய பேட்டரியைக் குப்பைமேட்டில் போடாதீர்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வில்லியனூர், பாகூர் பக்கம் பழைய பேட்டரியை முறையாக வாங்கிக்கொள்ளும் இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். என் மேஜை டிராயரில் மூன்று கிடக்கின்றன.