மீற்றர் வைக்காமல் காசு வைக்காதேங்கோ

எங்கடை ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு. காருக்கு ரயர் மாத்துவினம், ஒயில் மாத்துவினம், கொஞ்சம் துணிஞ்ச ஆக்கள் பிறேக் கட்டையும் மாத்துவினம். ஆனால் "கரண்ட் பிரச்சினை" எண்ட உடனை கையை எடுத்துப்போட்டு கராச்சுக்கு ஓடுவினம். "இப்பத்தை கார் எல்லாம் கொம்பியூட்டர், நாங்கள் தொடக்கூடாது" எண்டு ஒரு விளக்கம் வேறை. என்ரை கருத்து இதுக்கு நேர் எதிர். ஒரு சாதாரண ஆள் தன்ரை வீட்டு வாசல்லை நிண்டு என்ன பிழை எண்டு கண்டுபிடிக்கக் கூடிய வேலை எண்டால் அது மின்சார வேலைதான். ஏனெண்டால் அதை அளக்கலாம். இருபது பிராங் மல்ரிமீற்றர் ஒண்டு போதும்.

நான் மெக்கானிக் இல்லை. சுவிசிலை ஒரு ரெஸ்ரோறன்ற் குசினியிலை நிக்கிறன். ஊரிலை பௌதிகம் படிச்சுக்கொண்டிருந்தனான், 2006 ஓகஸ்டிலை ஏ9 பாதை பூட்டினதோடை அந்தப் படிப்பு பாதியிலை நிண்டு போச்சு. அதிலை மிஞ்சினது ஓமின்ரை விதி ஒண்டுதான். வோல்ற் எண்டால் அம்பியர் பெருக்கல் தடை. இந்த ஒரு வரியை வைச்சுக்கொண்டு எங்கடை பக்கத்து சனத்தின்ரை கனக்கக் கார்களை எழுப்பியிருக்கிறன்.

முதல்லை ஏன் எங்கடை ஆக்களின்ரை பற்றறி கெதியாச் சாகுது எண்டு பாப்பம். ரெஸ்ரோறன்றிலை வேலை செய்யிற எல்லாருக்கும் "சிம்மர்ஸ்ருண்ட" தெரியும். காலமை போறது, மத்தியானம் ரெண்டு மணிக்கு வீட்டை வாறது, அஞ்சு மணிக்குத் திரும்பப் போறது, இரவு பதினொண்டுக்கு வாறது. ஒரு நாளைக்கு நாலு தரம் ஸ்ராட். ஒவ்வொரு ஓட்டமும் மூண்டு நாலு கிலோமீற்றர். மாரியிலை லைற், கீற்றர், பின் கண்ணாடிச் சூடு எல்லாம் போட்டபடி. ஸ்ராட்டர் இழுத்த கரண்டைத் திருப்பிக் குடுக்க ஓல்ரநேற்றருக்கு நேரமே இல்லை. பற்றறி எப்பவும் அரை வயித்தோடை கிடக்குது. அரை வயித்தோடை கிடக்கிற ஈயப் பற்றறியிலை சல்பேற் படிஞ்சு இறுகிப்போம், பிறகு முழுசா ஏறாது. அதோடை குளிர். பூச்சியத்துக்குக் கீழை 18 பாகையிலை பற்றறியின்ரை இழுவை ஏறக்குறைய பாதியாப் போயிடும். அதே நேரம் ஒயில் தடிச்சு, எஞ்சினைச் சுத்த இன்னும் கூடக் கரண்ட் வேணும்.

ஆகவே பற்றறி செத்தால் உடனை "சாமான் சரியில்லை" எண்டு திட்டாதேங்கோ. மாதத்துக்கு ஒருக்கா சார்ஜரிலை ஒரு இரவு போடுங்கோ. பிளக் இல்லாத ஆக்கள் கிழமைக்கு ஒருக்கா ஒரு மணித்தியாலம் நெடுஞ்சாலையிலை ஓடுங்கோ.

இனி அளக்கிற விசயம். மூண்டு எண் ஞாபகம் வைச்சால் காணும்.

ஒண்டு: கார் சில மணித்தியாலம் சும்மா நிண்ட பிறகு பற்றறியிலை மீற்றர் வையுங்கோ. 12.6 எண்டால் நிறைஞ்சிருக்கு. 12.4 எண்டால் முக்கால். 12.0 எண்டால் கால்வாசிதான் மிச்சம்.

ரெண்டு: ஸ்ராட் பண்ணேக்கை பாருங்கோ. நிறைஞ்சிருக்கிற பற்றறி 9.6க்குக் கீழை விழுந்தால் அது பலம் இழந்திட்டுது.

மூண்டு: எஞ்சின் ஓடேக்கை 13.8க்கும் 14.7க்கும் இடையிலை நிக்க வேணும். 12.3, 12.2 எண்டு இறங்கிக்கொண்டே போனால் ஓல்ரநேற்றர், அல்லாட்டி அதுக்குப் போற பெல்ற், வயர் பக்கம் பிழை. புதுக் கார்களிலை கொம்பியூட்டரே இந்த வோல்ற்றைக் கூட்டிக் குறைக்கும், அதாலை ஒருக்காப் பாத்து முடிவெடுக்காமல் லைற்றைப் போட்டு இரண்டு மூண்டு தரம் பாருங்கோ.

எனக்குத் தெரிஞ்ச ஒரு அண்ணை, கிளீனிங் வேலை. கார் சில நாள் எழும்பும், சில நாள் எழும்பாது. ஒரு கராச்சிலை புதுப் பற்றறி போட்டினம். ரெண்டு கிழமையாலை அதே கதை. ஓல்ரநேற்றர் மாத்தினம். திரும்பவும் அதே கதை. மூண்டாவதா ஸ்ராட்டர் மாத்த வேணும் எண்டு சொல்லேக்கை ஆயிரம் பிராங்குக்கு மேலை போட்டுது. நான் செய்தது இவ்வளவுதான்: மீற்றரின்ரை ஒரு கம்பியைப் பற்றறியின்ரை நெகற்றிவிலையும் மற்றதை எஞ்சினின்ரை இரும்பிலையும் வைச்சன், அண்ணையை ஸ்ராட் பண்ணச் சொன்னன். 0.3க்கு மேலை போகக்கூடாது. 1.7 காட்டினது. எஞ்சினையும் பொடியையும் இணைக்கிற எர்த் வயர் ஆணி இடத்திலை உப்புத் தண்ணியாலை துருப்பிடிச்சுப் போயிருந்தது. கழட்டி, மண்தாளாலை தேய்ச்சு, இறுக்கிப் பூட்டினது. முடிஞ்சுது.

இதிலை மந்திரம் ஒண்டும் இல்லை. ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கேக்கை 0.01 ஓம் தடை எண்டாலே 1.5 வோல்ற்றை விழுங்கிப்போடும். கண்ணுக்குத் தெரியாத துரு, ஆயிரம் பிராங் வேலை காட்டுது.

"கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்தது, கோட் வந்தது" எண்டு சொல்லுவினம். கோட் பொதுவா எந்தச் சுற்றிலை பிழை எண்டுதான் சொல்லும், எந்தச் சாமானை மாத்த வேணும் எண்டு சொல்லாது. பற்றறி வோல்ற் குறைஞ்சாலே சம்பந்தமில்லாத பத்துக் கோட் வரும். கராச்சுக்குப் போறது பிழை எண்டு நான் சொல்லேல்லை. நல்ல மின்சார மெக்கானிக்குக்கு மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது பிராங் குடுத்தாலும் தகும், அவர் அளந்து பாத்துச் செய்தால். அளக்காமல் ஒவ்வொண்டா மாத்திப் பாக்கிறதுக்கு நாங்கள் ஏன் காசு குடுக்க வேணும்? "எவ்வளவு வோல்ற் இருந்தது?" எண்டு நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும், உங்களோடை கதைக்கிற விதமே மாறும். எங்கடை அரைகுறை ஜேர்மனிலை எண்கள் மட்டும் பிழைக்காது.

இன்னொண்டு, நிண்ட கார் தன்பாட்டிலை இறங்கிறது. பூட்டி அரை மணித்தியாலம் கழிச்சு, எல்லாக் கொம்பியூட்டரும் நித்திரைக்குப் போன பிறகு, 0.05 அம்பியருக்குள்ளை இழுத்தால் பொதுவாப் பிரச்சினை இல்லை. நாளைக்கு 1.2 அம்பியர் மணி, 60 அம்பியர் மணிப் பற்றறிக்கு அது அம்பது நாள் கணக்கு. ஆனால் டிக்கி லைற் அணையாமலோ, பிறகு பூட்டின கமராவாலோ 0.5 இழுத்தால் அஞ்சு நாளிலை காலி. அளக்கேக்கை கவனம்: அம்பியரிலை மீற்றரை வைச்சுக்கொண்டு ஸ்ராட் பண்ணக்கூடாது, பற்றறியின்ரை ரெண்டு முனையிலையும் நேரை வைக்கவும் கூடாது.

தொடக்கூடாததும் இருக்கு. மஞ்சள் கொனெக்ரர் எயார்பாக்கினது, கைவைக்காதேங்கோ. கைபிரிட்டிலையும் மின்சாரக் காரிலையும் செம்மஞ்சள் வயர் உயர் அழுத்தம், ஆளைக் கொல்லும். பற்றறி கழட்டேக்கை நெகற்றிவ் முதல், பூட்டேக்கை நெகற்றிவ் கடைசி. அப்பிடி எண்டால் சாவி தவறிப் பொடியிலை பட்டாலும் நெருப்புப் பறக்காது. மற்றக் காரிலை இருந்து கரண்ட் எடுக்கேக்கை கடைசிக் கறுப்பு வயரைச் செத்த பற்றறியிலை கொழுவாமல் எஞ்சின் இரும்பிலை தள்ளிக் கொழுவுங்கோ. பற்றறியிலை இருந்து ஐதரசன் வரும், பொறி பட்டால் வெடிக்கும்.

இதை வாசிக்கிற ஊர்க்காரருக்கு உடனை வாற கதை எனக்குத் தெரியும். "நாங்கள் 90க்குப் பிறகு மண்ணெண்ணையிலை கார் ஓட்டின ஆக்கள், சைக்கிள் டைனமோவிலை றேடியோ கேட்ட ஆக்கள்." உண்மைதான். பற்றறியும் பெற்றோலும் தடை, கரண்ட் இல்லை, அதுக்குள்ளையும் ஏ40 ஓடினது. அந்த மெக்கானிக்மாரின்ரை மூளைக்கு நான் தலை வணங்குவன். ஆனால் அந்தக் காலத்துப் பழக்கம் எல்லாத்தையும் இஞ்சை கொண்டுவரேலாது. பியூஸ் எரிஞ்ச இடத்திலை சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்தினது ஊரிலை வேறை வழியில்லாமல். இஞ்சை பியூஸ் சில சதம். சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. நீலம் எரிஞ்சால் நீலம்தான் போட வேணும். பச்சை போட்டால் பியூஸ் எரியாது, வயர் எரியும், பிறகு கார் எரியும்.

ஊரிலை இருந்து கொண்டுவர வேண்டியது வேறை ஒண்டு: ஏன் நிண்டது எண்டு காரணம் தேடுற குணம். அதைத்தான் நாங்கள் கட்டுநாயக்காவிலையே விட்டிட்டு வந்திட்டம் போலை. இஞ்சை பிள்ளை கார் மெக்கற்றோனிக் படிக்கப் போறன் எண்டால் வீட்டிலை செத்தவீடு. அது நாலு வருசத் தொழிற்படிப்பு, பாதி மின்சாரமும் இலத்திரனியலும். அதுக்குப் பிறகு மேலை படிக்கவும் வழி இருக்கு. கையிலை கறுப்பு ஒட்டினால் மரியாதை போயிடும் எண்டு நினைக்கிற நாங்கள், நாள் முழுக்க வெங்காயம் உரிச்சுப் போட்டு அந்தக் காசைக் கறுப்புக் கையிட்டைத்தான் கொண்டுபோய்க் குடுக்கிறம்.

கடைசி பஸ் போன பிறகு வேலை முடியிற ஆக்களுக்குக் கார் ஆடம்பரம் இல்லை. இரவு பதினொண்டரைக்கு ஆளில்லாத பார்க்கிங்கிலை கார் எழும்பாமல் நிக்கிற ஒரு அக்காவுக்கு இது வெறும் காசுக் கணக்கும் இல்லை. குளிர் தொடங்க முதல் ஒரு மீற்றர் வாங்குங்கோ. பிள்ளையளையும் கூப்பிட்டு வைச்சு அந்த மூண்டு எண்ணையும் ஒருக்காப் பாருங்கோ. சந்தேகம் எண்டால் எழுதுங்கோ, எண்ணையும் சேர்த்து எழுதுங்கோ. "கார் எழும்புதில்லை" எண்டு மட்டும் எழுதினால் நானும் சாத்திரம்தான் சொல்ல வேண்டி வரும்.